டிக்கெட்டை ‘சாதாரண லீக்’ என்று மாற்றிவிட்டார்கள். இது பாதுகாப்பு ஓட்டை இல்லையா?

#1 கடைசிவரி

வணக்கம். இரண்டு நாளாக அலுவலகத்தில் ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. எனக்கு மனசு ஆறவில்லை, நீங்களாவது சொல்லுங்கள்.

எங்கள் சேவை ஒன்று வெளியிலிருந்து வரும் வெப்ஹூக்குகளை, அதாவது வேறு சேவைகள் தானாக அனுப்பும் தகவல்களை, வாங்குகிறது. அந்த முகவரிக்கு யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். வந்த பிறகுதான் கையொப்பம் சரியா என்று பார்ப்போம். அதற்கு அனுப்புநரின் ரகசியச் சாவி வேண்டும், அது டேட்டாபேஸில் இருக்கிறது. சுற்றியுள்ளதை எல்லாம் உதறிவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான் (பூல் என்பது திறந்து வைத்த டேட்டாபேஸ் இணைப்புகளின் கையிருப்பு; 401 என்றால் ‘அனுமதி இல்லை’):

இணைப்பு = பூல்.எடு()
சாவி = இணைப்பு.தேடு(அனுப்புநர்)
கையொப்பம் பொருந்தவில்லையா? 401 சொல்லித் திரும்பு
பதிவுசெய்(இணைப்பு, தகவல்)
பூல்.திருப்பு(இணைப்பு)

மூன்றாவது வரியைப் பாருங்கள். கையொப்பம் தவறென்றால் வாங்கிய இணைப்பைத் திருப்பிக் கொடுக்காமலே வெளியே போய்விடுகிறது. லீக் என்பது இதைத்தான். நான் இதைப் பாதுகாப்புப் பிரிவில் போட்டேன். “ரிசோர்ஸ் லீக், முன்னுரிமை குறைவு, எப்படியும் ராத்திரி ரீஸ்டார்ட் ஆகிறது” என்று எழுதி வகையை மாற்றிவிட்டார்கள். நான்தான் ஊதிப் பெரிதாக்குகிறேனா?

#2 நிதானம்

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் கொஞ்சம் ஊதியது போலத்தான் தெரிகிறது.

லீக் எல்லாமே ஓட்டை என்றால் ஓட்டை என்ற சொல்லுக்கே மதிப்பு போய்விடும். எங்களிடம் ஒரு ஸ்கேனர் ஓடுகிறது. ‘மூடாத ஸ்ட்ரீம்’ என்று வாராவாரம் ஒரு மூட்டை கொண்டுவந்து கொட்டும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரு தடவை ஓடி முடியும் ஸ்கிரிப்டுகள். ப்ராசஸ் செத்ததும் அது திறந்து வைத்த கோப்பு, சாக்கெட் எல்லாவற்றையும் இயங்குதளத்தின் மையமான கர்னலே மூடிவிடும். அதற்கெல்லாம் சிவப்பு முத்திரை குத்தினால் நிஜமான சிவப்பை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சிடபிள்யூஇ பட்டியலில் 772 என்று இதற்கு எண் இருக்கிறது, தெரியும். ஆனால் அது பலவீனங்களின் பட்டியல். குறியீட்டில் பலவீனம் இருப்பது வேறு, வெளியாள் ஒருவர் அதைப் பிடித்து இழுக்க முடிவது வேறு.

#3 கடைசிவரி

முக்கியமானதை விட்டுவிட்டேன், என் தப்பு. பூலை நடத்துவது ஹிகாரிசிபி என்ற ஜாவா லைப்ரரி. அதன் இயல்பு அளவு 10, யாரும் மாற்றவில்லை. ஸ்கிரிப்ட் இல்லை, நாள் முழுக்க ஓடும் சர்வர். அதே பூலைத்தான் மற்ற எல்லா ரிக்வெஸ்டும் பயன்படுத்துகின்றன.

#4 நிதானம்

பத்தா! சரி, முதல் வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனாலும் ஒரு சந்தேகம். ஹிகாரியில் மேக்ஸ்லைஃப்டைம் என்று ஒன்று உண்டே, இயல்பாக 30 நிமிடம். அதற்கப்புறம் இணைப்பு தானாக மாற்றப்படாதா? அப்படியானால் பாதிப்பு அரை மணி நேரம்தானே.

#5 குழாய்க்காரர்

மாற்றப்படாது. பூலுக்குள் சும்மா கிடக்கும் இணைப்புக்குத்தான் அந்தக் காலக்கெடு செல்லும். யாரோ வாங்கிக்கொண்டு போன இணைப்பை ஹிகாரி தொடாது; அது திரும்பி வந்தால்தான் வயதைப் பார்த்துக் கழிக்கும். வராத புத்தகத்தை நூலகம் எப்படிக் கழிக்கும்?

லீக்டிடெக்‌ஷன்த்ரெஷோல்ட் என்று இன்னொன்று இருக்கிறது. அதுவும் பிடுங்கிக்கொண்டு வராது. “இன்ன இடத்தில் வாங்கியவர் இன்னும் தரவில்லை” என்று ஸ்டாக் ட்ரேஸோடு லாகில் எழுதும், அவ்வளவுதான். இயல்பாக அணைந்தே இருக்கும். உடனே அதை ஏற்றிவிடுங்கள், இதே போல வேறு இடங்கள் இருந்தாலும் தெரிந்துவிடும்.

பத்தும் போன பிறகு வரும் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் இணைப்புக்காக 30 வினாடி காத்திருந்து எக்ஸப்ஷனோடு விழும். காத்திருக்கும் நேரத்தில் அது சர்வரின் ஒரு வேலையாளான த்ரெடையும் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே பூல் தீர்ந்த கையோடு த்ரெடும் தீரும். சர்வர் நலமா என்று பார்க்கும் ஹெல்த்செக் டேட்டாபேஸைத் தொடுகிறது என்றால் அதுவும் சிவப்பாகி, சர்வர்களை மேய்க்கும் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் சர்வரைக் கொன்று எழுப்பும். எழுந்ததும் இன்னொரு பத்து ரிக்வெஸ்ட் போதும்.

“பூலை 100 ஆக்கிவிடலாம்” என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். போஸ்ட்க்ரெஸ் டேட்டாபேஸில் மொத்த இணைப்பு வரம்பான மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் இயல்பாக 100. இந்தச் சேவையின் ஓட்டை அப்போது பக்கத்துச் சேவைகளின் இணைப்பையும் குடித்துவிடும்.

#6 பழைய_சி_ஆசாமி

கடைசிவரி சொல்வது ஓட்டைதான். எத்தனை பைட் ஒழுகுகிறது என்பதை நான் அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் கேட்பது, குழாயைத் திருகுகிறவன் யார்? நேரம் வைத்து ஓடும் உங்கள் சொந்த கிரான் ஜாப் திருகினால் அது பிழை, சாவகாசமாகத் திருத்தலாம். முன்பின் தெரியாதவன் வெளியிலிருந்து திருக முடிந்தால், ஒவ்வொரு திருகுக்கும் அவன் கொடுப்பது ஒரு சின்ன பாக்கெட், நீங்கள் இழப்பது பத்தில் ஒன்று. கணக்கு அங்கேயே முடிந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒழுகல் எங்கே இருக்கிறது? கையொப்பம் தவறும் பாதையில். இது தற்செயல் இல்லை. நல்ல பாதையில் லீக் இருந்தால் முதல் நாள் மதியமே சர்வர் விழும், யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். தவறான உள்ளீட்டுப் பாதையில் நடக்கிறவர்கள் ரொம்பக் குறைவு, அதனால் அங்கே உள்ளது வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். தவறான உள்ளீடு அனுப்புவதையே வேலையாக வைத்திருப்பவன்தான் அதைக் கண்டுபிடிப்பான்.

பைண்ட் 9 பெயர் சர்வரில் 2022 செப்டம்பரில் வந்த சிவிஇ-2022-38177, 38178 இரண்டையும் எடுத்துப் பாருங்கள் (சிவிஇ என்பது அறிவிக்கப்பட்ட ஓட்டைக்குத் தரும் எண்). பெயர் சர்வர் பதில்களின் கையொப்பத்தைச் சோதிக்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பில் ஒன்று ஈசிடிஎஸ்ஏ, இன்னொன்று எட்டிஎஸ்ஏ என்ற கையொப்ப முறையில். உருக்குலைந்த கையொப்பம் வந்தால் கொஞ்சம் மெமரியை விடுவிக்காமல் போய்விடும். அதைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் பைண்டின் ப்ராசஸான நேம்ட் மெமரி தீர்ந்து விழும். அச்சு அசல் உங்கள் மூன்றாவது வரி. இரண்டையும் உயர் தீவிரம் என்றுதான் வகைப்படுத்தினார்கள், 10க்கு 7.5.

சி மொழியில் இதற்காகத்தான் ‘கோட்டூ அவுட்’ என்று எழுதுவோம். பாடப்புத்தகம் கோட்டூவைத் திட்டும். கர்னலைத் திறந்து பாருங்கள், பிழை வந்த இடத்திலிருந்து கீழே ஒரே வாசலுக்குத் தாவி, வாங்கியதைத் தலைகீழ் வரிசையில் ஒவ்வொன்றாகத் திருப்புவார்கள். நடுவில் ‘ரிடர்ன்’ ஒன்றைச் சொருகுகிறவன்தான் வினை.

அப்புறம் டிஸ்கிரிப்டர், அதாவது திறந்த கோப்பு, சாக்கெட் ஒவ்வொன்றுக்கும் கர்னல் தரும் எண், தீர்ந்துபோனால் நடக்கும் ஒரு கூத்து. லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்கு மென்வரம்பு வழக்கமாக 1024. அது நிரம்பினால் இஎம்ஃபைல், பிழை எண் 24. புதிய இணைப்பை ஏற்கும் ஆக்செப்ட் அழைப்பும் அதே பிழையோடு திரும்பும், ஆனால் காத்திருந்த இணைப்பு வரிசையை விட்டுப் போகாது. சாக்கெட்டுகளைக் கவனிக்கும் ஈபோல் உடனே “ஆள் வந்திருக்கிறார்” என்று மறுபடி எழுப்பும். மறுபடி ஆக்செப்ட், மறுபடி 24. சிபியு நூறு சதவீதத்தில் சுழலும். லாக் கோப்பைப் புதிதாகத் திறக்கவும் எண் இருக்காது, ஆகவே என்ன நடந்தது என்று எழுதிவைக்கவும் வழியில்லை. இதற்குப் பழைய ஆட்கள் ஒரு தந்திரம் வைத்திருப்பார்கள். தொடக்கத்திலேயே டெவ்-நல் என்ற வெற்றுக் கோப்பை ஒரு முறை திறந்து ஓர் எண்ணைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது. முட்டிக்கொண்டால் அதை மூடி, காத்திருப்பவரை உள்ளே எடுத்து, உடனே துண்டித்துவிட்டு, கையிருப்பைத் திரும்பத் திறப்பது.

இன்னும் மோசமானது, வரம்பை ஏற்றிவிட்டு ஈபோலுக்கு முந்தைய செலெக்ட்டைப் பயன்படுத்துவது. எஃப்டி_செட் என்பது 1024 பிட்டுக்கான வரிசை. லீக் ஆகி ஆகி அடுத்த எண் 1024ஐத் தொட்டால் எஃப்டி_செட் மேக்ரோ அந்த வரிசைக்கு வெளியே எழுதும். டிஸ்கிரிப்டர் லீக்காகத் தொடங்கியது மெமரி சிதைவாக முடிகிறது. “லீக் என்றால் அதிகபட்சம் சர்வர் நிற்கும்” என்பவர்களுக்கு இதை நான் எப்போதும் சொல்வேன்.

#7 மூன்றாமாண்டு

அண்ணா, ஒரு சின்னக் கேள்வி, தப்பாக நினைக்காதீர்கள். இது ஜாவாதானே? வேண்டாததைத் தானே அகற்றும் கார்பேஜ் கலெக்டர் இருக்கும் மொழியில் இதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளாதா? கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

#8 பழைய_சி_ஆசாமி

தம்பி, இதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. கலெக்டருக்குத் தெரிந்தது மெமரி மட்டும். மெமரிக் கிடங்கான ஹீப் நிறைந்தால் அது கிளம்பும். பூலில் பத்து இணைப்பு தீர்ந்தது அதற்கு எப்படித் தெரியும்? ஹீப்பில் இடம் தாராளமாக இருக்கிறது, அது தூங்கிக்கொண்டிருக்கும். மேலும் பூல் தன்னுடைய பட்டியலில் அந்த இணைப்பைப் பிடித்து வைத்திருப்பதால் அது குப்பையாகவே ஆகாது.

பொருள் குப்பையான பிறகு ஓடும் ஃபைனலைஸ் என்று ஒன்று இருந்தது, எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. ஜாவா 9இலேயே அதை வழக்கொழிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். ஜாவா 7 முதல், அதாவது 2011 முதல், தொகுதி முடிந்ததும் தானாக மூடும் ட்ரை-வித்-ரிசோர்சஸ் இருக்கிறது. பைத்தானில் வித். கோ மொழியில் டிஃபர். ஆனால் டிஃபரை லூப்புக்குள் போடாதே. அது லூப்பின் சுற்று முடியும்போது ஓடாது, ஃபங்ஷன் முடியும்போதுதான் ஓடும். ஆயிரம் கோப்பைத் திறந்து ஆயிரத்தையும் கடைசியில் மூடும்.

ரஸ்ட்காரர்கள் இந்த இடத்தில் குதிப்பார்கள், அவர்களுக்கும் சேர்த்து: ரஸ்ட் லீக்கைத் தடுப்பதாக வாக்குக் கொடுக்கவில்லை. விடுவிக்காமலே மறந்துவிடும் மெம் ஃபர்கெட் அங்கே ‘பாதுகாப்பான’ ஃபங்ஷன்தான்.

#9 கொள்கலன்

இந்த உரையாடல் சர்வர் நின்றுபோவதைப் பற்றியே போகிறது. நான் வேறு பக்கம் இழுக்கிறேன். மூடாமல் விட்டது தீர்ந்துபோவது ஒரு ஆபத்து. மூடாமல் விட்டது தப்பான கையில் கிடைப்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பயம்.

சிவிஇ-2024-21626, ரன்சி; தனிமைப்படுத்திய பெட்டியான கண்டெய்னரை ஓட்டும் கருவி. 2024 ஜனவரி கடைசியில் வெளிவந்தது. கண்டெய்னரைத் தொடங்கும்போது ரன்சி, அதைத் தாங்கும் கணினியான ஹோஸ்டின் சிஸ்-எஃப்எஸ்-சிகுரூப் அடைவைத் திறக்கிறது. வேலை முடிந்தும் அந்த டிஸ்கிரிப்டர், கண்டெய்னரை எழுப்பும் உள் ப்ராசஸுக்குள் திறந்தே போய்விடுகிறது. ஒரே ஒரு எண், பெரும்பாலும் 7 அல்லது 8. அதனால் எந்த சர்வரும் நிற்காது, எந்த வரைபடத்திலும் ஏறாது. ஆனால் ஒருவர் கண்டெய்னருக்கு அச்சான தன் இமேஜில் வேலை அடைவு ‘ப்ராக்-செல்ஃப்-எஃப்டி-7’ என்று எழுதிவைத்தால், கண்டெய்னர் கண்விழிக்கும்போது ஹோஸ்டின் கோப்பு முறைமைக்குள் நின்றுகொண்டிருக்கும். அங்கிருந்து புள்ளி-புள்ளி போட்டு மேலே ஏறினால் முழு ஹோஸ்டும் கையில். 1.1.12இல் திருத்தினார்கள்: தேவையில்லாதவற்றை மூடினார்கள், வேலை அடைவு உண்மையிலேயே கண்டெய்னருக்குள் இருக்கிறதா என்று சோதித்தார்கள்.

பூட்டுப் போட்ட கட்டடத்தில் ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது, அவ்வளவுதான். எத்தனை ஜன்னல் என்று எண்ணிப் பார்க்கும் மானிட்டரிங் இதைப் பிடிக்காது.

பிள்ளை ப்ராசஸ்களுக்கு டிஸ்கிரிப்டர் தானாகப் போய்ச் சேருவது யூனிக்ஸின் பழைய பழக்கம். அதைத் தடுக்கும் ஓ_க்ளோஎக்ஸெக் கொடி லினக்ஸ் 2.6.23இல் வந்தது, 2007. பைத்தான் 3.4 முதல், புதிதாகத் திறப்பவை பிள்ளைக்குப் போகாது என்பதையே இயல்பாக்கிவிட்டார்கள். சி எழுதுகிறவர்கள் ஒவ்வொரு ஓபனிலும் அந்தக் கொடியைக் கையால்தான் எழுத வேண்டும், மறக்கவும் மறப்பார்கள்.

#10 நிதானம்

இது எனக்குப் புதுசு, நன்றி அக்கா. ஆனால் இதை ‘விடுவிக்காமை’ என்று சொல்வதை விட ‘தனிமைப்படுத்தல் தோல்வி’ என்று சொல்ல வேண்டாமா?

#11 கொள்கலன்

பெயர் எதுவாக இருந்தாலும் சரி. வேலை முடிந்ததும் மூடியிருந்தால் பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமே இருந்திருக்காது.

#12 பழைய_சி_ஆசாமி

லீக்கிலிருந்து ரூட் (கணினியின் முழு அதிகாரம்) வரை போன கதை ஒன்று இருக்கிறதே, யாரும் சொல்லவில்லையே. சிவிஇ-2016-0728, லினக்ஸ் கர்னலின் கீரிங், அதாவது சாவிகளை வைக்கும் வளையம். 3.8 முதல் இருந்தது.

ஒரு ப்ராசஸ் தன் செஷன் கீரிங்கை மாற்றச் சொல்கிறது. மாற்றச் சொன்ன கீரிங்கும் ஏற்கனவே வைத்திருக்கும் கீரிங்கும் ஒன்றே என்றால், கர்னல் “மாற்ற ஒன்றுமில்லை” என்று நேரே வெளியே போய்விடும். ஆனால் தேடும்போது ஏற்றிய குறிப்பு எண்ணிக்கையை (எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கை) இறக்காது. மறுபடியும் அதே மூன்றாவது வரி! ஒரு அழைப்புக்கு எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. அந்த எண்ணி 32 பிட். 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முறை அழைத்தால் சுற்றி வந்து பூஜ்யமாகும். பூஜ்யம் என்றால் யாருக்கும் வேண்டாம் என்று பொருள். கர்னல் அந்தப் பொருளை விடுவித்துவிடும். ஆனால் ப்ராசஸ் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலியான அந்த இடத்தில் தான் விரும்பியதை நிரப்பினால் ரூட். செயல்முறையைக் காட்டியவர்களின் சாதாரணக் கணினியில் அரை மணி நேரம் பிடித்தது.

இதை நான் ரசிப்பதற்குக் காரணம் உண்டு. விடுவிக்காமல் விட்டதே, கடைசியில் விடுவிக்கக் கூடாததை விடுவிக்க வைத்தது. திருத்தம் என்ன தெரியுமா? எண்ணிக்கையை இறக்கும் கீ_புட் என்று ஒரே வரி. பிறகு 4.11இல் ரெஃப்கவுண்ட்_டி என்ற புது எண்ணி வந்தது. அது உச்சத்தைத் தொட்டால் சுற்றி வராது, அங்கேயே உறைந்து நிற்கும். அதாவது லீக் ஆகட்டும், ரூட் போகாமல் இருந்தால் போதும் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தார்கள்.

#13 எட்டாம்எண்

எல்லோரும் ‘மூடு மூடு’ என்கிறீர்கள், மூடி மாட்டிக்கொண்டவன் நான். கேளுங்கள்.

முன்பு இருந்த இடத்தில் லீக் வேட்டை நடந்தது. பிழைப் பாதையில் ஒரு க்ளோஸ் சேர்த்தேன். கீழே ஏற்கனவே பொதுவான சுத்தப்படுத்தும் பகுதி இருந்தது, அங்கும் ஒரு க்ளோஸ். ஆக இரண்டு முறை. ஒற்றை த்ரெடில் ஓட்டினால் இரண்டாவது க்ளோஸ் ‘தவறான டிஸ்கிரிப்டர்’ என்று பிழை கொடுத்துவிட்டு அமைதியாகப் போகும். அந்தத் திரும்பு மதிப்பை யார் பார்க்கிறார்கள்? ப்ரொடக்‌ஷனில் முப்பது த்ரெட். முதல் க்ளோஸுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இன்னொரு த்ரெட் புதிய சாக்கெட் திறந்தால் கர்னல் இருப்பதில் மிகச் சிறிய எண்ணைத்தான் கொடுக்கும், அதாவது நான் இப்போதுதான் மூடியதை. என் இரண்டாவது க்ளோஸ் அந்த அப்பாவியின் சாக்கெட்டை மூடியது. அதே எண் மூன்றாவது ஆளுக்குப் போனது. இரண்டாம் ஆளுக்கு எழுதிய பதில் மூன்றாம் ஆளின் திரையில். ஒரு பயனர் இன்னொருவரின் கணக்கு விவரத்தைப் பார்த்தார். லீக் இருந்த வரை சர்வர் வாரம் ஒருமுறை விழுந்தது, அவ்வளவுதான். என் ‘திருத்தம்’ தரவையே கசியவிட்டது.

இன்னொரு உதை: க்ளோஸ் இஇன்டர் (இடையில் குறுக்கீடு) என்று திரும்பினால் “மறுபடி முயற்சி செய்” என்று பலர் எழுதுவார்கள். லினக்ஸில் அதைச் செய்யக் கூடாது. அப்போதும் எண் விடுவிக்கப்பட்டே இருக்கும், மறுமுயற்சி வேறு யாருடையதையோ மூடும்.

ஆகவே கடைசிவரி, உங்கள் மூன்றாவது வரிக்கு முன்னால் ஒரு ‘திருப்பு’ சொருகிவிட்டு வந்துவிடாதீர்கள். இணைப்புக்கு ஒரே ஒரு உரிமையாளர், அவர் மூடட்டும். மூடியதும் அந்த மாறியில் -1 போடுங்கள்.

#14 குழாய்க்காரர்

எட்டாம்எண் சொன்னதைப் படித்ததும் ஞாபகம் வந்தது. விடுவித்ததாகக் கணக்கு எழுதிவிட்டு உள்ளே விடுவிக்காமல் இருப்பதும் உண்டு. 2023 அக்டோபரில் வெளிவந்த எச்டிடிபி/2 ரேபிட் ரீசெட், சிவிஇ-2023-44487. கிளையண்ட் ஒரு ஸ்ட்ரீமைத் திறந்து அடுத்த நொடியே ரத்து செய்கிறது. ‘ஒரே நேரத்தில் இத்தனை ஸ்ட்ரீம்தான்’ என்ற வரம்பில் அந்த இடம் உடனே காலி. ஆனால் பின்னால் தொடங்கிய வேலை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். வரம்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். கூகுள் பார்த்த உச்சம் வினாடிக்கு 39.8 கோடி ரிக்வெஸ்ட்.

உங்கள் விஷயத்தில், கிளையண்ட் பாதியில் துண்டித்தால் டேட்டாபேஸ் வினவலும் நிற்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். சர்வரில் க்ளோஸ்-வெயிட் நிலையில் சாக்கெட்டுகள் குவிந்திருந்தால் எதிர்முனை போய்விட்டது, நீங்கள்தான் இன்னும் மூடவில்லை என்று பொருள். சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளை ஒரு வரியில் காட்டிவிடும்.

#15 மூன்றாமாண்டு

அண்ணா, அந்த டெவ்-நல் தந்திரத்தை என் சாட் சர்வரில் போட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது! ஆனால் முதலில் எதற்கு 1024 நிரம்பியது என்று பார்த்தால், துண்டித்துப் போகிறவர்களை நான் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கியிருக்கிறேன், சாக்கெட்டை மூடவேயில்லை.

#16 பழைய_சி_ஆசாமி

சபாஷ். ப்ராக் அடியில் உன் ப்ராசஸ் எண்ணுக்குள் எஃப்டி அடைவு இருக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதை எண்ணிப் பார். ஆட்கள் போன பிறகு எண்ணிக்கை இறங்க வேண்டும்.

#17 கடைசிவரி

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வாதாடுவதை விட்டுவிட்டு, சோதனைச் சூழலான ஸ்டேஜிங்கில் ஆட்களை உட்கார வைத்துக் காட்டினேன். கர்ல் கட்டளையில் பத்து ரிக்வெஸ்ட், கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ‘அஆஇஈ’. பத்துக்கும் 401 உடனே வந்தது. அதாவது வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பதினொன்றாவதாக முறையான கையொப்பத்தோடு ஒன்று. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு 30 வினாடி உட்கார்ந்திருந்தோம். யாரும் பேசவில்லை. பிறகு 500, சர்வர் பிழை. வகையை மாற்றியவரே திரும்ப மாற்றினார், “பத்துதானா?” என்று மட்டும் கேட்டார்.

எட்டாம்எண் சொன்னபடியே ‘திருப்பு’ எதையும் சொருகவில்லை. சாவி தேடுவதை ஒரு தனி ட்ரை-வித்-ரிசோர்சஸ் தொகுதிக்குள் வைத்தேன், சாவி கிடைத்ததும் அங்கேயே இணைப்பு திரும்பிவிடும். கையொப்பத்தைச் சரிபார்க்கும்போது கையில் இணைப்பே இல்லை. பொருந்தினால் மட்டும் பதிவுசெய்யப் புதிதாக ஒன்று எடுக்கிறது. சோதனைகளில், ஒவ்வொன்றும் முடிந்ததும் பூலில் வெளியே போன இணைப்பு பூஜ்யமா என்று பார்க்கும் ஒரு வரி சேர்த்தேன். பிழைப் பாதைச் சோதனைகள் எங்களிடம் நாலே நாலுதான் இருந்தன என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

லீக்டிடெக்‌ஷன்த்ரெஷோல்டை 10 வினாடியில் வைத்து ஸ்டேஜிங்கை ஓர் இரவு ஓடவிட்டோம். காலையில் லாகில் இன்னும் இரண்டு இடம். ஒன்று அறிக்கை ஏற்றுமதி. அதை வெளியாள் தொட முடியாது, நிதானம் சொன்ன வகை, அடுத்த வாரம் பார்க்கலாம். இன்னொன்று கடவுச்சொல் மறந்தவர்களுக்கான பக்கம், மின்னஞ்சல் வடிவம் தவறென்றால் அதே கதை, லாகின் தேவையில்லை. யார் எழுதியது என்று ப்ளேம் போட்டுப் பார்த்தேன். நான்தான், போன வருஷம்.